சீட்டு முந்தினால் சரக்கு தவறும்: கடிகாரமில்லா மின்சுற்றுகள் பற்றி ஒரு மண்டிக்காரரின் விளக்கம்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டைப் பற்றியோ பழைய நூல்களைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை மின்சுற்றைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். நான் இன்ஜினியர் அல்லன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றது. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே வந்து, சாந்தேபேட்டையில் மாமா நடத்திய அரிசி மண்டியில் கணக்கெழுத உட்கார்ந்தவன், இன்றும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். ஆகவே பிழை இருந்தால் படித்த பிள்ளைகள் பொறுத்து, திருத்திச் சொல்ல வேண்டும்.

இந்த விஷயம் என்னிடம் வந்தது என் மகளால். அவள் மைசூரிலேயே எம்.டெக். படித்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா, கடிகாரமே இல்லாம ஒரு சில்லு ஓடும்ப்பா, அதுலதான் என் புராஜெக்ட்" என்றாள்.

"கடிகாரம் இல்லேன்னா யார் எப்போ வேலை செய்யணும்னு யாரும்மா சொல்றது?"

"பக்கத்துல இருக்கிறவங்க சொல்வாங்க. நான் தரேன்னு ஒருத்தர், வாங்கிக்கிட்டேன்னு இன்னொருத்தர்."

"அப்படின்னா அது நம்ம மண்டிதானே!" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுடைய பாடப் புத்தகங்களையும் கட்டுரைகளையும் அவளையே உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுப் படித்தேன். படிக்கப் படிக்க, இது வியாபாரிக்கு மிக நன்றாகவே புரியக்கூடிய விஷயம் என்று தெரிந்தது.

மணிக்கூண்டும் சந்தையும்

நம்ம ஊரில் தேவராஜ மார்க்கெட் எதிரில் சின்ன கடியாரம் இருக்கிறது. டவுன்ஹால் பக்கத்தில் தொட்ட கடியாரம் இருக்கிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளி விழாவுக்காக 1927இல் எழுப்பியது. இரண்டுக்கும் நடுவே எத்தனையோ கடைகள். ஆனால் எந்தக் கடைக்காரராவது, "மணி அடிச்சாத்தான் சரக்கை எடுப்பேன், அடுத்த மணிக்குத்தான் கொடுப்பேன்" என்று உட்கார்ந்திருக்கிறாரா? சரக்கு வந்தால் வாங்குகிறார். கேட்டால் கொடுக்கிறார். சந்தை நிகழ்ச்சியால் நடக்கிறதே தவிர மணியால் நடப்பதில்லை.

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வழக்கம் உண்டு. என் தாயாருக்கு மணி பார்க்கத் தெரியாது. வெயில் திண்ணையை விட்டு இறங்கினால் இலை போட வேண்டும், அவ்வளவுதான். கோடையில் கொஞ்சம் பிந்தும், மார்கழியில் முந்தும். கடிகாரம் சொல்லி நடக்கும் வேலைக்கும் நிகழ்ச்சி சொல்லி நடக்கும் வேலைக்கும் வித்தியாசம் இதுதான்.

இன்றைய கணினிச் சில்லுகளில் மிகப் பெரும்பாலானவை மணிக்கூண்டு வகை. சில்லின் நடுவே ஒரு துடிப்பு நொடிக்குப் பல கோடி முறை அடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் எல்லாப் பகுதிகளும் ஒரு அடி எடுத்து வைக்கின்றன. இதை ஒத்தியங்கு சுற்று என்கிறார்கள். துடிப்பே இல்லாமல், பக்கத்துப் பகுதிகள் தமக்குள் பேசிக்கொண்டு நடத்துவது ஒத்தியங்காச் சுற்று. நான் அதைக் கடிகாரமில்லாச் சுற்று என்றே சொல்லுகிறேன்.

நாலு ஆள் வரிசை

இனி பைப்லைன். மண்டியில் லாரி வந்தால் நாலு ஆள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் இறக்குவார், ஒருவர் எடை போடுவார், ஒருவர் சாக்கின் வாயைத் தைப்பார், ஒருவர் அடுக்குவார். முதல் மூட்டை அடுக்கி முடியும்வரை இரண்டாவது மூட்டை காத்திருக்க வேண்டியதில்லை. நாலு பேரிடமும் ஒரே நேரத்தில் நாலு மூட்டை இருக்கும். கணினியும் கணக்கை இப்படித்தான் துண்டு துண்டாகப் பிரித்து வரிசையில் அனுப்புகிறது. ஒவ்வொரு ஆளுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் லாட்ச், அதாவது தாழ்ப்பாள். பின்னால் இருந்து வருவது முன்னால் இருப்பதோடு கலந்துவிடாமல் காப்பது இந்தத் தாழ்ப்பாள்தான். எந்தத் தாழ்ப்பாள் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று முடிவு செய்யும் சின்னச் சுற்றுதான் கட்டுப்பாட்டுச் சுற்று. இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சின்னச் சுற்றைப் பற்றியதுதான்.

மேஸ்திரி ஒருவர் மணி அடித்து வரிசையை நடத்தினால் என்ன ஆகும்? இரண்டு நஷ்டம். முதலாவது, மணியின் இடைவெளியை மிக மெதுவான ஆளுக்கு ஏற்ப வைக்க வேண்டும். அதுவும் அவர் உடம்பு சரியில்லாத நாளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வைக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் முடித்துவிட்டுச் சும்மா நிற்பார்கள். இரண்டாவது, சரக்கே வராத நேரத்திலும் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

அந்த மணிச் செலவு சின்னதல்ல. 1992இல் டெக் நிறுவனம் வெளியிட்ட ஆல்ஃபா 21064 என்னும் செயலி அந்தக் காலத்தில் பெயர் பெற்றது. அது சுமார் 30 வாட் மின்சாரம் தின்றது. அதில் ஏறத்தாழ 40 சதவீதம் கடிகாரத் துடிப்பை மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்ப்பதற்கே போயிற்று. அதன்பின் கடிகார வகைக்காரர்களும் விழித்துக்கொண்டு, வேலையில்லாத பகுதிக்கு மணிச் சத்தம் போகாமல் அடைக்கும் முறைகளைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் மணி மணிதான்.

தருகிறேன், பெற்றேன்

மணி இல்லாவிட்டால் பேச்சு வேண்டும். நாம் சரக்கோடு சலான் அனுப்புகிறோம், வாங்கியவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறார். சுற்றிலும் அதே. முன்னே போகும் கம்பி "தருகிறேன்" என்கிறது. பின்னே வரும் கம்பி "பெற்றேன்" என்கிறது. இதற்குக் கைகுலுக்கல் என்று பெயர்.

இதில் இரண்டு சம்பிரதாயம் உண்டு. நான்கு கட்ட முறையில், தருபவர் கையைத் தூக்குகிறார், பெறுபவர் கையைத் தூக்குகிறார், தந்தவர் கையை இறக்குகிறார், பெற்றவரும் இறக்குகிறார். அப்புறம்தான் அடுத்த மூட்டை. இரண்டு கட்ட முறையில், தூக்கினாலும் ஒரு செய்தி, இறக்கினாலும் ஒரு செய்தி. முதல் மூட்டைக்குத் தூக்கினால் இரண்டாவது மூட்டைக்கு இறக்குவார். கம்பி ஒவ்வொரு முறை மேலும் கீழும் போவதற்கும் மின்சாரமும் நேரமும் செலவு. மூட்டைக்கு நாலு அசைவா, இரண்டு அசைவா? கணக்குத் தெரிந்தவர் இரண்டு என்றுதான் சொல்வார். விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தப் பேச்சைக் கட்டுப்படுத்த ஒரு சிறிய உறுப்பு உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் முல்லர் 1950களில் அமைத்தது. சி உறுப்பு என்பார்கள். வங்கி லாக்கரில் இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் அல்லவா? இதுவும் அப்படித்தான். இரண்டு உள்வரவும் ஒன்று ஆனால்தான் வெளிவரவு ஒன்று ஆகும். இரண்டும் பூஜ்யம் ஆனால்தான் மறுபடி பூஜ்யம் ஆகும். ஒன்று மட்டும் மாறினால் பழைய நிலையிலேயே நிற்கும். "பின்னால் இருப்பவர் தருகிறார், முன்னால் இருப்பவரிடம் இடமும் இருக்கிறது" என்ற இரண்டும் கூடினால்தான் அசைவு.

நம்மவர் ஒருவர்

இது ஏதோ நேற்று வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஜான் வான் நாய்மன் குழுவினர் 1952இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐ.ஏ.எஸ். கணினிக்கு மையக் கடிகாரம் கிடையாது. ஒரு வேலை முடிந்தால் அது அடுத்த வேலையை எழுப்பும். அந்த வரைவை ஒட்டிப் பல நாடுகளில் கணினிகள் கட்டினார்கள். இந்தியாவில் அப்படிக் கட்டியதுதான் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் டிஃப்ராக், நம் நாட்டிலேயே கட்டிய முதல் கணினி. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். அமெரிக்காவில் படித்துவிட்டு 1954இல் மும்பைக்கு வந்து சேர்ந்தார். 1956இல் சோதனை இயந்திரம், 1960இல் முழு இயந்திரம். அதில் 2,700 வெற்றிடக் குழல்கள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள். 18 அடி நீள இரும்புச் சட்டத்தில் நின்றது.

நரசிம்மன் 1961 முதல் 1964 வரை இல்லினாயில் படங்களை அறியும் கணினி முயற்சியில் பணியாற்றினார். சி உறுப்பு பிறந்த அதே பல்கலைக்கழகம். ஊரை விட்டு வந்த தமிழர் ஒருவர் மும்பையில் இதைச் செய்தார் என்பதை, ஊரை விட்டு வந்த நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

பிறகு கடிகாரம் வென்றது. டிரான்சிஸ்டர்கள் பெருகப் பெருக, எல்லாரும் ஒரே மணிக்கு நடந்தால் வடிவமைக்கவும் சோதிக்கவும் சுலபம் என்று உலகம் அந்தப் பக்கம் போயிற்று. 1989இல் இவான் சதர்லேண்ட் தமது டூரிங் விருதுச் சொற்பொழிவில் மைக்ரோபைப்லைன் என்ற பெயரில் சி உறுப்புகளைச் சங்கிலிபோல் கோத்து ஒரு வரிசையைக் காட்டினார். கடிகாரமில்லாக் கலைக்கு மறுபடி உயிர் வந்தது. அதே ஆண்டு, கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் அலன் மார்ட்டின் குழுவினர் கடிகாரமே இல்லாத ஒரு முழுச் செயலியை ஓட்டிக் காட்டினார்கள்.

காலிச் சாக்கின் கணக்கு

இனி வேகத்துக்கு வருவோம். வரிசையின் வேகம் என்றால் நாம் சரக்கு முன்னே போகும் வேகத்தைத்தான் பார்ப்போம். பிள்ளைகளும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் வேகத்தைத் தடுப்பது திரும்பி வரும் காலிச் சாக்கு. அடுத்த அறை காலியாகி, அந்தச் செய்தி எனக்கு வந்தால்தானே நான் அடுத்ததை அனுப்ப முடியும்?

ஒரு கணக்குப் போடுவோம். வட்டமாக 12 அறைகள். மூட்டை அடுத்த அறைக்குப் போக 1 நொடி. ஓர் அறை காலியான செய்தி பின்னால் போய் அங்கே இருப்பது நகர்ந்து வர 3 நொடி. ஒரே ஒரு மூட்டை சுற்றினால், வாசலில் நிற்கும் கணக்குப்பிள்ளைக்கு 12 நொடிக்கு ஒரு மூட்டை தெரியும். 3 மூட்டை சுற்றினால் 4 நொடிக்கு ஒன்று. சரி, இன்னும் ஏற்றுவோம் என்று 6 மூட்டை போட்டால்? கூடாது, குறையும்! மீதி 6 காலி இடம்தான். ஒரு காலி இடம் பின்னோக்கி முழுச் சுற்று வர 36 நொடி ஆகும். எனவே 6 நொடிக்கு ஒரு மூட்டைதான் தெரியும். 9 மூட்டை போட்டால் 12 நொடிக்கு ஒன்று. 12 மூட்டையும் போட்டால் ஒன்றுமே நகராது. குடோன் நிரம்பி வழிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

இப்போது மூட்டை போகும் நேரத்தைத் தொடாமல், காலிச் சாக்கு திரும்பும் நேரத்தை மட்டும் 3 நொடியிலிருந்து 1 நொடியாகக் குறைப்போம். 6 மூட்டை சுற்றலாம், 2 நொடிக்கு ஒன்று தெரியும். வேகம் இரட்டிப்பு! கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டுச் சுற்றுக்காரர்கள் தலையை உடைத்துக்கொள்வதில் பெரும்பகுதி இந்தக் காலிச் சாக்கைச் சீக்கிரம் திருப்பி அனுப்புவது எப்படி என்பதில்தான்.

சீட்டு முந்திய கதை

சரி, சீக்கிரம் சீக்கிரம் என்று ஓடினால் என்ன ஆபத்து? என் கடையில் நடந்ததையே சொல்கிறேன். 1990களில் ஒரு தமிழ்க் குடும்பத்துக் கல்யாணத்துக்குப் பழைய அரிசி 20 மூட்டை கேட்டிருந்தார்கள். பந்திக்குப் பழைய அரிசிதான் உதிரியாக வரும். புது அரிசி குழைந்துபோகும். சரக்கு ஆரணியிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. லாரி செட்டிலிருந்து டெம்போவில் குடோனுக்கு வர வேண்டும். நேரம் மிச்சம் ஆகட்டும் என்று, "சரக்கு வந்தாச்சு, மண்டபத்துக்கு அனுப்பு" என்று ஒரு சீட்டெழுதி, பையனைச் சைக்கிளில் முன்னாலே அனுப்பிவிட்டேன். சைக்கிள் சந்து வழியாகப் போயிற்று. டெம்போ ரயில்வே கேட்டில் நின்றது. குடோன் கணக்கர் சீட்டைப் பார்த்தார். வாசலில் 20 மூட்டை இருந்தது. அது முந்தின நாள் இறக்கிய புது அரிசி! ஏற்றி அனுப்பிவிட்டார். அரை மணி கழித்துப் பழைய அரிசி வந்து நின்றது.

மறுநாள் பந்தியில் சாதம் கஞ்சியாகக் கிடந்தது. பெண்ணின் தகப்பனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம் இலையில் போட்டதைச் சாப்பிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இன்றும் தோன்றுகிறது. கணக்கர்மேல் தப்பில்லை. சீட்டு சரி, கணக்கர் சரி, சரக்கும் சரி. சீட்டு சரக்கை முந்தியதுதான் தப்பு.

மகளின் புராஜெக்டில் ஒரு ராத்திரி இதே தப்பு நடந்தது. அவளுடைய வரிசை சாதாரண வெப்பநிலையில் கணினி ஒத்திகையில் அழகாக ஓடியது. வெப்பத்தைக் கூட்டி மின்னழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தால் விடை தப்பாக வந்தது. கணக்குப் பாதை மெதுவாகிவிட்டது, "தருகிறேன்" என்ற கம்பி அந்த அளவுக்கு மெதுவாகவில்லை. தாழ்ப்பாள் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டது. அழும் நிலையில் இருந்தாள். "சீட்டு முந்திக்கிச்சும்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம், "ஆமாம்ப்பா, அதேதான்" என்றாள்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, சைக்கிள் பையனிடம் "அரை மணி கழிச்சுப் போடா" என்று சொல்வது. சுற்றில் இதற்காகவே தாமதக் கம்பி ஒன்று போடுகிறார்கள். கணக்குப் பாதைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சீட்டைத் தாமதிக்க வேண்டும். செலவு குறைவு. ஆனால் அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு? அதிகம் வைத்தால் வேகம் போயிற்று, குறைத்தால் கல்யாணச் சாப்பாடு போயிற்று. இரண்டாவது மருந்து, சீட்டே வேண்டாம், ஒவ்வொரு மூட்டையும் தன் பெயரைத் தானே சுமந்து வரட்டும் என்பது. சுற்றில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் இரண்டு கம்பி. ஒன்று "நான் ஒன்று" என்று சொல்ல, மற்றது "நான் பூஜ்யம்" என்று சொல்ல. இரண்டும் சும்மா இருந்தால் இன்னும் வரவில்லை என்று பொருள். இங்கே முந்துவதற்குச் சீட்டே இல்லை. கால்டெக் செயலி இந்த நம்பகமான வழியில் வந்தது. ஆனால் கம்பி இரட்டிப்பு; எல்லா இலக்கமும் வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கும் சுற்று தனிச் செலவு.

முதல் வழியில் நம்பிக்கை வைத்து வேகமாகப் போகலாம்; இரண்டாவது வழியில் எதையும் நம்பாமல் பத்திரமாகப் போகலாம். கடன் கொடுத்து வியாபாரம் செய்வதா, ரொக்கத்துக்கு மட்டும் செய்வதா என்ற கேள்விதான் இது. கடன் கொடுப்பது தப்பில்லை. யாருக்கு, எவ்வளவு என்று தெரியாமல் கொடுப்பதுதான் தப்பு.

திறந்த கதவும் மூடிய கதவும்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஃபர்பர் குழுவினர் 1990களில் ஆம்யுலெட் என்ற கடிகாரமில்லாச் செயலிகளை வரிசையாகச் செய்தார்கள். முதலாவதில் இரண்டு கட்ட முறை; அசைவு குறைவு, ஆகவே நல்லது என்று எதிர்பார்ப்பு. ஆனால் தூக்கினாலும் இறக்கினாலும் செய்தி என்றால், அதைப் புரிந்துகொள்ளும் தாழ்ப்பாளும் சுற்றும் சிக்கலாகிவிட்டன. சிக்கலான சுற்று மெதுவாக ஓடும், மின்சாரமும் தின்னும். ஆகவே 1996இல் வந்த இரண்டாவதில் நான்கு கட்ட முறைக்கு மாறினார்கள். சம்பிரதாயத்தில் மிச்சம் பிடித்ததைக் கூலியில் விட்டால் என்ன லாபம்?

2001இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாண்டெக் சிங், ஸ்டீவன் நோவிக் இருவரும் எலிப்பொறி என்று பொருள்படும் மவுஸ்டிராப் என்ற வரிசையை வெளியிட்டார்கள். வெளியே பேசுவது இரண்டு கட்ட முறை, உள்ளே இருப்பது சாதாரணத் தாழ்ப்பாள். கட்டுப்பாட்டுக்கு அறைக்கு ஒரே ஒரு ஒப்பிடும் வாயில். "நான் அனுப்பியதும் அடுத்தவர் பெற்றதும் ஒன்றாக இருக்கிறதா? கதவைத் திறந்து வை. வேறாக இருக்கிறதா? மூடு." அவ்வளவுதான். காத்திருக்கும்போது கதவு திறந்தே இருக்கும். சரக்கு நிற்காமல் உள்ளே போய்விடும், போன பிறகு முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும். 0.18 மைக்ரான் தொழில்நுட்பத்தில் கணினி ஒத்திகையில் நொடிக்கு 200 கோடி மூட்டைக்கு மேல் போயிற்று. ஆனால் இதுவும் ஒரு நம்பிக்கைமேல்தான் நிற்கிறது: அடுத்த சரக்கு வருவதற்குள் கதவு மூடியாக வேண்டும். அதைத் தாள் பார்த்துச் சரிபார்க்காமல் விட முடியாது. அதே 2001இல் சதர்லேண்டும் ஃபேர்பேங்க்ஸும் காஸ்ப் என்ற மிகச் சிறிய கட்டுப்பாட்டுச் சுற்றை வெளியிட்டார்கள்.

இங்கே வேகமும் சிக்கனமும் மோதுகின்றன. திறந்த கதவில் சரக்கு வேகமாகப் போகும், ஆனால் தூசியும் போகும். கூட்டல் சுற்றில் எல்லா இலக்கமும் ஒரே நேரத்தில் வராது. சரியான விடை வருவதற்கு முன் நாலைந்து தப்பு விடைகள் மின்னி மறையும். கதவு திறந்திருந்தால் அந்த மின்னல்கள் அடுத்த அறைக்குள்ளும் ஓடி, அங்கேயும் கம்பிகளை வீணாக அசைத்து மின்சாரம் தின்னும். கதவை மூடி வைத்து, சரக்கு நிலைத்தபின் திறந்தால் மின்சாரம் மிச்சம், திறக்கும் நேரம் நஷ்டம். ஆகவே நல்ல வடிவமைப்பாளர் எல்லா அறைக்கும் ஒரே கதவு போடுவதில்லை. கணக்கு நடக்காமல் சரக்கு வெறுமனே கடந்துபோகும் அறைக்குத் திறந்த கதவு. பெரிய கணக்கு நடந்து தூசி பறக்கும் அறைக்கு மூடிய கதவு. வேகம், சிக்கனம் இரண்டும் வேண்டுமானால் அறை அறையாகப் பார்த்துத்தான் பெற முடியும்.

வென்ற இடமும் வெல்லாத இடமும்

பிலிப்ஸ் நிறுவனத்தார் 1990களில் 80சி51 என்ற சிறு செயலியைக் கடிகாரமில்லாமல் செய்தார்கள். அதே வேலையைச் செய்யும் கடிகார வகைக்குத் தேவைப்பட்ட மின்சாரத்தில் இதற்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போதுமானதாக இருந்தது. பேஜர் கருவிகளில் அது போயிற்று. காரணம் சிக்கனம் மட்டுமல்ல. சீரான மணியோசை இல்லாததால் அந்தக் கருவியின் வானொலி வாங்கிக்கு இரைச்சலும் குறைந்தது. 2014இல் ஐ.பி.எம். வெளியிட்ட ட்ரூநார்த் சில்லு மூளையின் நரம்பு வலையைப் பின்பற்றியது. 540 கோடி டிரான்சிஸ்டர் இருந்தும் சுமார் 70 மில்லிவாட் தான் செலவு. அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கில் ஏழில் ஒரு பங்கு! அதன் உள்ளே செய்தி ஓடும் பாதைகள் கடிகாரமில்லா வகை. அதை வடிவமைத்தவர்களில் ராஜித் மனோகரும் ஒருவர்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்டெல் நிறுவனத்தார் ராப்பிட் என்ற சோதனைச் சுற்றை 1999இல் வெளியிட்டார்கள். ஒப்பிட்ட கடிகாரச் சுற்றைவிட மூன்று மடங்கு வேகம், பாதி மின்சாரம். இருந்தும் அது விற்பனைச் செயலிக்குள் போகவில்லை. வடிவமைக்கும் மென்பொருள், சோதிக்கும் முறை, கல்லூரிப் பாடம் எல்லாமே மணிக்கூண்டை வைத்து அமைந்திருக்கும்போது, தனியாக ஒரு பாதையில் போவது பெருஞ்செலவு. தவிர, எல்லா அறையிலும் ஓயாமல் வேலை இருந்தால் கடிகாரமில்லா முறையில் மிச்சம் குறைவு. பேசிக்கொள்ளும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். விட்டு விட்டு வேலை வரும் இடத்தில்தான் அது வெல்லும். தசரா மாதத்துக்கு மண்டியில் மணி அடித்தாலும் நஷ்டமில்லை. ஆடி மாதத்துக்கு மணி எதற்கு?

முடிவாக

மகள் தன் தாமதக் கம்பியைக் கூட்டினாள். வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் எல்லா வெப்பநிலையிலும் விடை சரியாக வந்தது. பிறகு எந்த அறைக்கு அந்தக் கூடுதல் உண்மையில் தேவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையில்லாத இடத்தில் குறைத்து, இழந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றாள். இந்தக் கலை முழுவதும் அதில் அடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்: எதை நம்பி அவசரப்படுகிறோம் என்று முதலில் எழுதி வை, அந்த நம்பிக்கை மோசமான நாளிலும் நிற்குமா என்று பார், அதன் பிறகு ஓடு.

நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் பெங்களூரிலும் மைசூரிலும் சில்லு வேலையில் இருக்கிறார்கள். "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், "ஏதோ கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அப்படி நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருநாள் உட்கார வைத்துக் கேளுங்கள். புரியாது என்று பயப்பட வேண்டாம். சலானும் ரசீதும் குடோனும் தெரிந்த யாருக்கும் இது புரியும். நீங்கள் சொல்லும் ஒரு கடைக்கதை அவர்களுக்கு உதவவும் கூடும். எனக்கு அந்தக் கல்யாண வீட்டில் நேர்ந்த அவமானம், முப்பது வருஷம் கழித்தானாலும், ஒருவருக்காவது பயன்பட்டது.